தொப்பிக் கடை மாடியில் 12 நாள்: பிரிஸ்டல் அருங்காட்சியகம் போய்வந்தேன்

அமெரிக்கக் கிராமத்து இசையான கன்ட்ரி இசையைப் பார்க்கணும் என்றால் எல்லோரும் டென்னசி மாநிலத்து நாஷ்வில்லுக்குத்தான் வழி சொல்வார்கள். நாங்களும் போன வருஷம் அங்கே போய், ரைமன் அரங்கத்தின் நீள மரப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தோம். நல்ல இடம்தான். ஆனால் 27 வருஷம் வானொலியில் ஒலிப்பதிவு வேலை பார்த்தவள் நான். புகழ் எங்கே குடியிருக்கிறது என்பதைவிட, சத்தத்தை முதலில் எப்படிப் பிடித்தார்கள் என்பதில்தான் எனக்கு ஆர்வம். இந்த முறை நாக்ஸ்வில்லில் மகள் வீட்டுக்கு வந்தபோது, "பிரிஸ்டலுக்குக் கூட்டிக்கொண்டு போ, அது போதும்" என்று சொல்லிவிட்டேன்.

நாக்ஸ்வில்லிலிருந்து காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஐ-81 நெடுஞ்சாலையைப் பிடித்தால் வழியெல்லாம் மலையும் மேய்ச்சல் நிலமும். நடுவில் ஓர் உணவகத்தில் நிறுத்தினோம். பெயர் வேண்டாம். காபி ஆறிப்போய் வந்தது, பேத்தி கேட்ட பான்கேக் வரவே இல்லை, பில்லில் மட்டும் அது வந்திருந்தது. மாப்பிள்ளை சண்டை போடும் ஆள் இல்லை. பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிட்டார்.

பிரிஸ்டல் விசித்திரமான ஊர். ஸ்டேட் ஸ்ட்ரீட் என்ற கடைவீதியின் நடுக்கோடுதான் மாநில எல்லை. ஒரு பக்கக் கடைகள் டென்னசியில், எதிர்ப் பக்கக் கடைகள் வர்ஜீனியாவில். சாலையின் நடுவே பித்தளைத் தகடு பதித்து எல்லையைக் காட்டியிருக்கிறார்கள். பேத்தி காலுக்கு ஒரு மாநிலமாகக் கால் பரப்பி நின்று படம் எடுத்துக்கொண்டாள். இங்கே வருகிற எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு செய்யுங்கள்.

நாங்கள் வந்தது 'பர்த்பிளேஸ் ஆஃப் கன்ட்ரி மியூசிக்' அருங்காட்சியகத்துக்கு. 2014 ஆகஸ்டில் திறந்தது, ஸ்மித்சோனியன் என்ற பெரிய அமெரிக்க அருங்காட்சியக அமைப்பின் இணை நிறுவனம். இருப்பது வர்ஜீனியா பக்கம். இதில் ஒரு வேடிக்கை: அது கொண்டாடுகிற சம்பவம் நடந்தது எதிர்ப் பக்கம், டென்னசி மண்ணில். டெய்லர்-கிறிஸ்டியன் என்ற தொப்பிக் கம்பெனியின் மாடியில். அந்தக் கட்டடம் இப்போது இல்லை.

நடந்தது இதுதான். 1927 ஜூலை கடைசியில் விக்டர் கிராமபோன் கம்பெனிக்காக ரால்ஃப் பியர் என்பவர் இரண்டு பொறியாளர்களோடு இந்த ஊருக்கு வந்து இறங்கினார். தொப்பிக் கடை மாடியில் சுவரெல்லாம் கம்பளி போர்த்தி, ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார். ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 5 வரை 12 நாளில் 19 குழுக்கள், 76 பாட்டு. அந்த 12 நாளில்தான், பின்னால் கன்ட்ரியின் பெரிய பேர்களான கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராஜர்ஸும் முதல் முறை இசைத்தட்டுக்குப் பாடினார்கள்.

உள்ளே நுழைந்ததும் ஒரு சின்னப் படம் காட்டி, நம்மை 1927-க்குள் கூட்டிக்கொண்டு போகிறார்கள். படம் நன்றாகவே இருந்தது. ஆனால் என் கால் தானாகப் போய் நின்றது ஒலிப்பதிவு இயந்திரத்தைப் பற்றிய பகுதியில். மகள் இரண்டு தடவை வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

அன்றைக்கு டேப் கிடையாது. கனமான மெழுகுத் தட்டில் ஊசி நேராகக் கீறும். தட்டு ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் பாட்டு ஆடிப்போகும். வெளியூர் மின்சாரத்தை நம்ப முடியாது. அதனால் என்ன செய்தார்கள் தெரியுமா? பழைய சுவர்க் கடிகாரத்தில் இருக்குமே, அதுபோல ஒரு எடைக்கல்லைக் கயிற்றில் கட்டி மேலே ஏற்றிவிடுவார்கள். கல் மெதுவாக இறங்க இறங்கத் தட்டு சுற்றும். பாடகருக்குக் கிடைக்கும் நேரம் மூன்று நிமிஷ சொச்சம். மெழுகை அங்கேயே ஓட்டிக் கேட்டால் கீறல் அழிந்துவிடும், அதனால் ஓட்டிப் பார்க்கவும் முடியாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் டேப்பைப் பிளேடால் வெட்டி, ஒட்டி, இருமலை எல்லாம் எடுத்துப் போடுவோம். இங்கே வெட்டுவது, ஒட்டுவது எதுவும் இல்லை. தப்பு வந்தால் மெழுகு வீண், இன்னொரு தட்டில் முதலிலிருந்து பாட வேண்டும்.

மைக்தான் முக்கியம். 1925 வரைக்கும் ஒலிப்பதிவு என்றால் ஒரு பெரிய தகரப் புனலுக்குள் கத்த வேண்டும். கச்சேரிக் குரல் உள்ளவர்கள்தான் அதில் பிழைத்தார்கள். மென்மையாகப் பாடுகிறவர் பாட்டும், மீட்டுகிற கிட்டாரும் அதில் சரியாக ஏறாது. பியர் பிரிஸ்டலுக்குக் கொண்டுவந்தது வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கின் மின்சார மைக். அடுப்படியில் பிள்ளையைத் தூங்கவைக்கப் பாடுகிற குரலையும் அது பிடிக்கும். இதை நான் இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் உண்டு. அந்த மைக் இல்லாவிட்டால் சாரா கார்ட்டர் என்ற ஒரு பாடகியே உலகத்துக்குக் கிடையாது.

பியர் வந்த முதல் சில நாளில் ஆட்கள் அதிகம் வரவில்லை. அப்போதே பேர் எடுத்திருந்த எர்னஸ்ட் ஸ்டோன்மேன், அவரைச் சேர்ந்தவர்கள், இப்படிச் சிலர்தான். உள்ளூர்ப் பத்திரிகைக்காரரை வரவழைத்து ஒரு பதிவைக் காட்டினார் பியர். பத்திரிகையில் வந்த செய்தியில் பாட்டைவிட முக்கியமான ஒரு விஷயம் இருந்தது: ஸ்டோன்மேன் முந்தைய வருஷம் இசைத்தட்டில் மட்டும் 3,600 டாலர் சம்பாதித்தார் என்று. அவ்வளவுதான். மலையிலிருந்து ஆட்கள் இறங்க ஆரம்பித்துவிட்டார்கள். கலை தாகம் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அந்த 3,600-க்கு இருந்த இழுவை வேறு எதற்கும் இல்லை.

கார்ட்டர் குடும்பம் வந்த கதையை நின்று படியுங்கள். ஏ.பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, சாராவின் சித்தி மகள் மேபெல். மேபெலுக்கு 18 வயது, கர்ப்பிணி. ஏ.பி.யின் தம்பி எஸ்ராதான் மேபெலின் கணவர். காரும் அவருடையது. அண்ணன் கேட்டால் சும்மா கொடுத்துவிடுவாரா? தன் சோளக் கொல்லையில் களை பறித்துத் தருவதாக வாக்கு வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார். ஏறக்குறைய 26 மைல். நம் கணக்குக்கு 40 கிலோமீட்டர் சொச்சம். அதற்கே ஒரு பகல் முழுக்கப் போய்விட்டது. ஆற்றைக் கடக்கணும், வெயிலில் டயருக்கு ஒட்டுப் போட்டுப் போட்டு வரணும். கைக்குழந்தை ஜோவையும், அவனைப் பார்த்துக்கொள்ள எட்டு வயது மகள் கிளாடிஸையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

ஆகஸ்ட் 1-ஆம் தேதி நான்கு பாட்டு. மறுநாள் இன்னும் இரண்டு. இரண்டாம் நாள் ஏ.பி. இல்லாமல் சாராவும் மேபெலும் மட்டும் போய்ப் பாடினார்கள். அதில் ஒரு பாட்டு, கல்யாணம் ஆகாத பெண்ணின் வாழ்க்கையையும் ஆனவள் வாழ்க்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிற பாட்டு. சாராவுக்கு அதைப் பாடவே மனசு இல்லை. பியர்தான் பாட வைத்தார். இசைத்தட்டு வந்தபோது அதுதான் நன்றாக விற்றது.

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அதை நான்கு தடவை கேட்டேன். சாராவின் குரலில் அலங்காரமே இல்லை. ஒரு வார்த்தையையும் குழைக்கவில்லை. ஒப்பாரி வைக்கிறவர்களிடம் ஒரு நிதானம் உண்டு, அழுகையைக் கேட்கிறவர்களிடம் விட்டுவிட்டு அவர்கள் பாட்டை மட்டும் பாடிக்கொண்டு போவார்கள். அந்த நிதானம் இதில் இருக்கிறது. பின்னால் மேபெலின் கிட்டார். கட்டை விரல் தடித்த தந்திகளில் ராகத்தைத் தேடிப்போக, ஆள்காட்டி விரல் மெல்லிய தந்திகளைத் தட்டித் தாளத்தைப் பார்த்துக்கொள்கிறது. 'கார்ட்டர் ஸ்க்ராட்ச்' என்று பேர். அதுவரை பக்கவாத்தியமாகக் கிடந்த கிட்டாரை முன்வரிசைக்குக் கொண்டுவந்தது இந்த 18 வயதுப் பெண்ணின் கட்டை விரல். அடுத்த வருஷமே 275 டாலர் போட்டு கிப்சன் எல்-5 கிட்டார் வாங்கினார். அது இப்போது நாஷ்வில்லில் இருக்கிறது.

ஜிம்மி ராஜர்ஸ் கதை வேறு மாதிரி. ரயிலில் பிரேக்மேன் வேலை பார்த்தவர், காசநோய்க்காரர். ஒரு குழுவோடு பாட வந்தார். பதிவுக்கு முந்தைய இரவு, இசைத்தட்டில் யார் பேர் போடுவது என்று சண்டை வந்து குழு உடைந்தது. குழு தனியாகப் போய்ப் பாடிற்று. ஆகஸ்ட் 4-ஆம் தேதி ராஜர்ஸ் ஒரு கிட்டாரை வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாக இரண்டு பாட்டுப் பாடினார். 100 டாலர் கைக்கு வந்தது. அந்த நவம்பரில் நியூஜெர்சி கேம்டனுக்குப் போய் முதல் 'புளூ யோடல்' பாட்டைப் பதிவு செய்தார், அத்தோடு நாடெங்கும் பேர் ஆகிவிட்டது. ஆறே வருஷம்தான். 1933 மே மாதம் நியூயார்க்கில் கடைசிப் பதிவு. பாட்டுக்குப் பாட்டு நடுவில் படுக்கக் கட்டில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். மே 26-இல் போய்விட்டார். வயது 35. அந்தச் சண்டை நடக்காமல் இருந்திருந்தால் அவர் பேர் குழுவின் பேரோடு கரைந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்த இரண்டு பேரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பிளைண்ட் ஆல்ஃபிரட் ரீட் என்ற கண் தெரியாத ஃபிடில்காரர் (ஃபிடில் என்றால் வயலின்தான்) ஒரு ரயில் விபத்தைப் பாடியிருக்கிறார். விபத்து நடந்தது 1927 மே 24. பாட்டு பதிவானது இரண்டு மாதச் சொச்சத்தில். எனக்கு உடனே நம் கொலைச்சிந்து ஞாபகம் வந்தது. எங்கேயாவது ரயில் கவிழ்ந்தால், வெள்ளம் வந்தால், மெட்டுக் கட்டி அச்சடித்துச் சந்தையில் பாடி விற்பார்களே, அதே சரக்குதான். செய்தியும் ஒப்பாரியும் கடைசியில் கொஞ்சம் புத்திமதியும். மொழி தெரியாதவர்கள் கேட்டாலும் 'ஏதோ ஆகிவிட்டது' என்று புரியும்.

எல் வாட்சன் என்ற ஹார்மோனிகா கலைஞர் 1927 பதிவில் வாசிக்க வந்த ஒரே கறுப்பினத்தவர். பாஞ்சோ ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்த வாத்தியம். அது இல்லாமல் கன்ட்ரி இல்லை. ஆனால் அந்த மாடியில் 19-இல் ஒருவர்தான். கம்பெனிகளே இசைத்தட்டை வெள்ளையர் பட்டியல், கறுப்பர் பட்டியல் என்று பிரித்து விற்ற காலம். ஏ.பி. கார்ட்டர் பாட்டுத் தேடி மலைமலையாக அலைந்தபோது கூடவே போனவர் லெஸ்லி ரிடில், கறுப்பினக் கிட்டார் கலைஞர். வரிகளை ஏ.பி. எழுதிக்கொள்வார், மெட்டு ரிடிலின் மண்டையில் ஏறிவிடும். நடமாடும் டேப் ரெக்கார்டர் அவர்தான். இசைத்தட்டில் அவர் பேர் இல்லை. கிராமத்துக்குப் போய்ப் பாட்டுப் பதிவு செய்து வந்தவள் என்ற முறையில் இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் குறுகுறுப்பாகவே இருந்தது. பாடின பாட்டியின் பேரைக் கேட்டு எழுத மறந்துவிட்டு வந்த நாட்கள் எங்களுக்கும் உண்டு.

அப்புறம் பணம். பியர் ஒரு பாட்டுக்கு 50 டாலர் ரொக்கமாகக் கொடுத்தார். விற்கிற இசைத்தட்டுக்கு இரண்டரை சென்ட் கணக்கில் ராயல்டி. அந்தக் காலத்தில் மலைக் கிராமத்துப் பாடகருக்கு ராயல்டி என்பதே பெரிய விஷயம், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாட்டின் பதிப்புரிமை பியரின் கைக்குப் போய்விடும். விக்டர் கம்பெனியிடம் பெயரளவுக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டவர் அவர். அதனால்தான் பழசை விட்டுவிட்டுப் புதுசாக இருக்கிற பாட்டையே கேட்டார். பழைய பாட்டாக இருந்தாலும் நாலு வரி மாற்றிக் கொண்டுவந்தால் உரிமை கோரலாம். கெட்டிக்காரர். நல்லவரா என்று பேத்தி கேட்டாள். "பாடகரையும் வாழவைத்தார், தானும் நன்றாக வாழ்ந்தார்" என்று சொல்லி வைத்தேன்.

1998-இல் அமெரிக்க நாடாளுமன்றமே பிரிஸ்டலைக் கன்ட்ரி இசை பிறந்த ஊர் என்று அங்கீகரித்திருக்கிறது. அருங்காட்சியகத்தின் பேரிலேயே அது இருக்கிறது. எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. இதே பியர் 1923 ஜூனில் அட்லாண்டாவில் ஃபிட்லின் ஜான் கார்சனைப் பதிவு செய்தார். அவர் பாட்டு பியருக்குப் பிடிக்கவே இல்லை. உள்ளூர் வியாபாரி கேட்டதற்காக 500 தட்டு அடித்துக் கொடுத்தார், அது மளமளவென்று தீர்ந்துபோயிற்று. வெர்னன் டால்ஹார்ட் 1924-இல் பாடிய பாட்டு லட்சக்கணக்கில் விற்றது. நாஷ்வில்லில் 1925 நவம்பர் 28-ஆம் தேதியே 77 வயது அங்கிள் ஜிம்மி தாம்சன் வானொலியில் ஃபிடில் வாசித்து, பிற்பாடு கிராண்ட் ஓல் ஆப்ரி ஆன நிகழ்ச்சியைத் தொடங்கிவைத்துவிட்டார். பிள்ளை முன்னமே பிறந்தாயிற்று. பிரிஸ்டலில் நடந்தது ஜாதகம் எழுதினது. பாட்டுக்கு என்ன விலை, யாருக்கு உரிமை, எந்தக் குரல் மைக்குக்கு ஒத்துவரும் என்று கட்டம் போட்டுக் கணித்தது இந்த ஊரில்தான். அதுவும் சின்ன விஷயம் இல்லை.

பேத்திக்கு 11 வயது, பள்ளியில் வயலின் வாசிக்கிறாள். அவளுக்குப் பிடித்தது பாட்டைக் கலந்து பார்க்கிற மிக்ஸிங் பகுதி. குரல், கிட்டார் என்று ஒவ்வொன்றையும் ஏற்றி இறக்கிப் பார்க்கலாம். அவள் எல்லாவற்றையும் உச்சத்துக்கு ஏற்றிவிட்டாள். "ஆச்சி, சத்தமா இருந்தாத்தானே நல்லா இருக்கும்?" என்றாள். ஒவ்வொன்றாகக் கீழே இறக்கச் சொன்னேன். கடைசியில் குரலும் லேசாக ஒரு கிட்டாரும் மட்டும் மிச்சம் இருந்தபோது வாயை மூடிக்கொண்டு கேட்டாள். கூடச் சேர்ந்து பாடிப் பார்க்க ஒரு சின்ன அறையும் இருக்கிறது. மாப்பிள்ளை உள்ளே போனார். அதைப் பற்றி எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அருங்காட்சியகத்துக்குள்ளேயே ரேடியோ பிரிஸ்டல் என்று நிஜமான வானொலி நிலையம் இயங்குகிறது, ஸ்டுடியோவைக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். எனக்கு இந்த ஊரிலேயே மிகவும் பிடித்தது இதுதான். செத்துப்போனதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறது வேறு, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்து இன்றைக்கும் பாட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறது வேறு. என்னை அறியாமல் குரலைத் தாழ்த்திவிட்டேன். "எதுக்கு ஆச்சி ரகசியம் பேசுறீங்க?" என்று பேத்தி கேட்டாள். "உள்ளே ஒலிபரப்பு நடக்குதே" என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எதுவும் கேட்காது என்று எனக்கே தெரியும். பழக்கம் விடவில்லை.

போகிறவர்களுக்கு: திங்கட்கிழமை விடுமுறை. பாட்டுக் கேட்கிற ஆசை உள்ளவர்கள் குறைந்தது மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் சனிக்கிழமை போங்கள். ஏனென்றால் சாயங்காலம் ஹில்டன்ஸ் என்ற ஊர்ப் பக்கம் கார்ட்டர் ஃபோல்டு என்ற கச்சேரி அரங்கத்துக்குப் போகலாம். கிளிஞ்ச் மலையின் அடிவாரம், ஏ.பி.யும் சாராவும் வாழ்ந்த இடம். அவர்கள் மகள் ஜேனட் 1974-இல் தொடங்கிய சனிக்கிழமைக் கச்சேரி இன்னும் நடக்கிறது. மது கிடையாது. மின்சார வாத்தியம் கிடையாது. மின்சார வாத்திய விதியை ஒருவருக்குத்தான் தளர்த்தினார்கள்: புகழ்பெற்ற கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ். மேபெலின் மகள் ஜூன் அவர் மனைவி, ஆகையால் வீட்டு மாப்பிள்ளை. மனைவி ஜூன் இறந்தது 2003 மே மாதம். கேஷ் அந்த ஜூலை 5-ஆம் தேதி இங்கே வந்து பாடினார். அதுதான் அவர் கடைசியாக மேடை ஏறியது. செப்டம்பரில் அவரும் போய்விட்டார்.

அதையெல்லாம் நினைத்துக்கொண்டு கனத்த மனசோடு போய் உட்கார்ந்தேன். அங்கே யாருக்கும் அந்தக் கனம் இல்லை. பாஞ்சோ தொடங்கினதும் மேடைக்கு முன்னால் இருக்கிற தரையில் ஆட இறங்கிவிட்டார்கள். செருப்பின் அடியில் உலோகத் தகடு அடித்திருக்கிறார்கள், காலே தாள வாத்தியம். என் வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பெரியவர், இடுப்புக்கு மேலே அசையாமல், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், கால் மட்டும் பறக்க ஆடினார். பேத்தியை ஒரு அம்மாள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ரப்பர் செருப்பு, சத்தமே வரவில்லை. இருந்தாலும் ஆடினாள்.

இரவு திரும்பும்போது காரில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். மாப்பிள்ளைக்குத் தூக்கம் வராமல் இருக்கப் பேச்சுக் கொடுத்துக்கொண்டு வந்தேன். "அடுத்த தடவை எங்கே போகலாம் அத்தை? மெம்பிஸ் பக்கம் போவோமா?" என்று கேட்டார்.

"76 பாட்டில் இன்றைக்கு 31-தான் கேட்டிருக்கிறேன் மாப்பிள்ளை" என்றேன்.